மிஷின் அளவுக்கு ஒரு தோரணம்

ஃபேக்டரி திறந்தால் எனக்குக் கல்யாணம் இல்லை, திறக்காவிட்டால் கல்யாணம். அந்த வருடம் என் நிலைமை அவ்வளவுதான். கேட்டை இழுத்துப் பூட்டி, லாக்கவுட் என்று நோட்டீஸ் ஒட்டி, மாதங்கள் ஓடிவிட்டிருந்தன. அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அப்பா ஒரு தடவை ஓசூருக்கு வந்து பூட்டைப் பார்த்தார்.

"ஆயுத பூஜை வரைக்கும் பாக்கலாம் பாப்பா. அதுக்குள்ள தெறந்தா இங்கியே இரு. இல்லைன்னா மூட்டையைக் கட்டு. உன் மாமனும் எத்தினி நாளைக்குத்தான் காத்துக்கினு இருப்பான்?"

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. நல்ல மனிதர், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ஆனால் மாமன் கெட்டவர் என்றா நான் ஓசூருக்கு ஓடி வந்தேன்? இங்கே எனக்கென்று ஒரு மிஷின் இருந்தது. அதை விட்டுவிட்டு வரப் பிடிக்கவில்லை. இதை அப்பாவிடம் சொன்னால், "மிஷினையா கட்டிக்கப் போற?" என்பார். அதனால் சொல்லவில்லை.

மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை. மெல்லிய செம்புக் கம்பி ஒரு பக்கம் கட்டையிலிருந்து இறங்கி வரும், இன்னொரு பக்கம் அச்சில் சுற்றிக்கொள்ளும். நடுவில் நம் விரல். கம்பி இழுபடும் வேகத்தை விரல் நுனியிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், கொஞ்சம் அசந்தால் அறுந்துவிடும். எனக்கு அறுந்ததே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எங்கள் வரிசையில் குறைவாக அறுந்தது என்னுடையதுதான். அந்தப் பச்சை மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் யாரும் என்னை அதைச் செய், இதைச் செய் என்று ஏவ முடியாது. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு இடம் வாய்த்ததே இல்லை.

பக்கத்து மிஷின் அக்காவுடையது. கிருஷ்ணகிரியில் பிறந்து ஓசூரில் வாழ்க்கைப்பட்ட முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். வாய் கொஞ்சம் அதிகம். எனக்கும் அதிகம் என்பதால் ஒத்துப்போனது. கலர் பேப்பரை அவர் கையில் கொடுத்தால் போதும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் காகிதப் பூவும் சரமும் அவர்தான் செய்ய வேண்டுமாம், அப்படி வந்த கைப்பழக்கம். ஆயுத பூஜைக்கு எங்கள் ஷெட் முழுவதையும் அவர்தான் முன்னால் நின்று ஜோடிப்பார். சூடம் காட்டும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார். "சாமி கும்பிடறது உங்க பாடு, மிஷினை ஜோடிக்கறது என் பாடு" என்பார். பொரியும் கடலையும் பங்கு போடும்போது முதல் ஆளாக முந்தானையை நீட்டுவார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்த மிஷினில் வேலை செய்கிறார்களோ, அதற்குத் தோரணத்தை அவர்களே செய்ய வேண்டும். அளவு எடுப்பதற்கு டேப் கிடையாது. மிஷினில் சுற்றுகிற செம்புக் கம்பியையே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துப் பிடித்து, வெட்டி, வளையமாகச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போவோம். தோரணம் அந்தக் கம்பி நீளம்தான் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அக்கா பிரிக்கச் சொல்லிவிடுவார். என் கம்பியை நான் அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன். வருடா வருடம் அதே கம்பி.

இன்னொன்றும் உண்டு. ஷெட்டின் கோடியில் ஒரு பழைய டிரில்லிங் மிஷின் துருப்பிடித்து நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது ஓடிப் பார்த்ததில்லை. பூஜையன்று சுத்தியல், ஸ்பேனர், துடைப்பம் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், அதற்கு மட்டும் வைக்க மாட்டார்கள். ஓடாத மிஷினுக்குப் பூஜை போடக் கூடாதாம். போட்டால் ஓட்டியே ஆக வேண்டும் என்று பேச்சு. இந்தப் பேச்சை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம்.

லாக்கவுட் ஆனதிலிருந்து கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தோம். உள்ளே இருக்கிற ஒரு ஆணி வெளியே போகக் கூடாது, அதற்காகத்தான் காவல். யூனியனுக்குத் தலைவர் ஒரு ஃபிட்டர் அண்ணன், கல்லாவிக்காரர். ஒருநாள் ஆபீசிலிருந்து ஆள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். திரும்பி வரும்போது சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்தார்.

"பூஜை போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க! குடும்பத்தோட வரச் சொன்னாங்க, வருசா வருசம் மாதிரியே!"

"உள்ளயா?" என்று கேட்டேன்.

"உள்ளதான் புள்ள. ஷெட்டுக்குள்ள. அதுக்கு முன்னால வெள்ளை அடிக்கறாங்களாம். கேட்டாண்ட கூட்டம் இருந்தா வேலைக்கு எடைஞ்சலா இருக்குது, பூஜை வரைக்கும் வூட்ல இருங்கன்னாங்க."

எனக்குக் கேட்டவுடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூஜை போடச் சொல்கிறார்கள் என்றால் மிஷின் ஓடப் போகிறது என்றுதானே அர்த்தம்? வெள்ளை வேறு அடிக்கிறார்கள்! மூடப் போகிற கம்பெனிக்கு எவன் வெள்ளை அடிப்பான்? இதைத்தான் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொன்னோம். அக்கா மட்டும், "எதுக்கு திடீர்னு இவ்ளோ பாசம்?" என்று இழுத்தார்.

"உன் வாயை வெச்சுக்கினு சும்மா இரு அக்கா," என்றேன் நான்.

"சரிடி தாயே, நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர் வாங்கியாந்தியா?" என்றார். அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். மரத்தடியில் விரித்திருந்த சாக்குகளை உதறி மடித்துக்கொண்டு எல்லோரும் அன்றைக்கே வீட்டுக்குப் போனோம். அந்தச் சாக்கு மடித்தது இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நான் குடியிருந்தது மெயின் ரோட்டை ஒட்டின வரிசை வீடு. ஒரே ரூம், இரண்டு பெண்களோடு பங்கு. வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்தால் லாரி போகிற புழுதியெல்லாம் தலையில்தான். அக்கா காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவார். மைதா பசையை நான் காய்ச்சினேன். கரப்பான் பூச்சி தின்னாமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும் என்பார். போட்டால் பசை லேசாக நீலம் பாரிக்கும். அது வெள்ளைப் பேப்பரில் தெரியும் என்பதால் நாங்கள் வெள்ளையே வாங்க மாட்டோம். சிவப்பு, மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை.

முதலில் பேப்பரை மடித்து மடித்து, கத்தரியை ஒரு பக்கம் பாதி வரைக்கும், அடுத்த பக்கம் பாதி வரைக்கும் விட்டு, பிரித்தால் வலையாக விரியும். அது பின்னால் தொங்க. அதற்கு மேலே பூ. சுருக்கம் வைத்த பேப்பரை இதழாக வெட்டி, இரண்டு கட்டை விரலால் நடுவில் மெல்ல இழுத்துவிட்டால் இதழ் குழிந்து வரும். ஓரத்தைக் கத்தரி முதுகால் ஒரு தடவு. அடியில் செம்புக் கம்பித் துண்டை முறுக்கினால் பூ ஆடாமல் நிற்கும். காயில் சுற்றிச் சுற்றிப் பழகின விரல் அல்லவா, கம்பி முறுக்குவதில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. அந்த வருடம் நான் செய்த பூவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்கா, "பரவால்லடி, மனுசன் செஞ்ச மாதிரி இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

"அக்கா, தெறந்தவுடனே அப்பாவுக்கு ஆள்கிட்ட சொல்லி அனுப்பிடுவேன். மாமனை வேற பொண்ணு பாத்துக்கச் சொல்லிடுவேன்."

"பாவம்டி அந்த மனுசன்."

"அவருக்கு என்ன பாவம்? நான்தான் பாவம்."

"நீயா? உன்னைக் கட்டறவன்தான் பாவம்," என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய லாரிகள், சிப்காட் பக்கமிருந்து வந்து பெங்களூர் ரோட்டில் திரும்பும். ஓசூரில் லாரி போவது ஒரு அதிசயமா? யார் அண்ணாந்து பார்த்தோம்? ஒரு லாரி பாரம் தாங்காமல் முக்கி முனகி வந்து, எங்கள் வாசல் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்போதுதான் பசை தடவிப் பரப்பியிருந்த ரோஸ் பூக்கள் மேலெல்லாம் செம்மண் புழுதி அப்பிக்கொண்டது. அக்கா எழுந்து நின்று, "ஏய், கண்ணு அவிஞ்சு போச்சா? பூஜைக்கு செய்யறது தெரியல?" என்று கையை நீட்டித் திட்டினார். டிரைவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனான். நான் பழைய துணியால் ஒவ்வொரு இதழாகப் புழுதியைத் தட்டினேன். என் மிஷின் அந்த லாரியில் இருந்ததா, அதற்கு முந்தின லாரியிலா, எனக்குத் தெரியாது. எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

பூஜையன்று முதல் பஸ்ஸைப் பிடித்து அப்பா வந்தார். தோளில் ஒரு பெரிய வெள்ளைப் பூசணிக்காய். எங்கள் காட்டில் காய்த்தது. மிஷினுக்குத் திருஷ்டி சுற்றி உடைக்கத் தானே கொண்டு வருவதாக முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை நிறையச் சாமந்தி. வெளுத்த வேட்டி, எனக்குத் தெரிந்து கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற வேட்டி. பெண்ணைக் கூட்டிப் போக வந்தவர் மாதிரி இல்லை, பெண் வேலை செய்யும் இடத்துக்கு விருந்தாளியாக வந்தவர் மாதிரிதான் இருந்தார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

கேட்டில் நல்ல கூட்டம். பெண்கள் பட்டுப் புடவை, குழந்தைகள் புதுச் சட்டை, எல்லோர் கையிலும் பேப்பர் தோரணம். என்னுடையதைச் சுருட்டாமல் இரண்டு கையிலும் ஏந்தி வைத்திருந்தேன். ஆபீசர்கள் ஒருத்தரையும் காணோம். வாட்ச்மேன் மட்டும் நின்றார். வயதான கன்னடக்காரர். எப்போதும் என்னை "ஏனம்மா, ஊட்டா ஆய்தா?" என்று, சாப்பிட்டாயா என்று கேட்காமல் விட மாட்டார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு, "என்னை கேக்கபேடா, கேக்காதீங்க. கேட்டைத் தெறக்கச் சொன்னாங்க, தெறந்துட்டேன்," என்று மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஃபிட்டர் அண்ணன்தான் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே வெளிச்சம் விழுந்தது.

ஒன்றுமே இல்லை. என் மிஷின் இல்லை, அக்கா மிஷின் இல்லை, பிரஸ் இல்லை, லேத் இல்லை. தரையில் சதுரம் சதுரமாக, மிஷின் நின்ற இடங்கள் மட்டும் சிமெண்டு நிறம் மாறித் தெரிந்தன. நான்கு மூலையிலும் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் வெட்டிவிட்ட வயர்கள் தொங்கின. வெள்ளை அடித்திருந்தார்களா என்று பார்த்தேன். எவனும் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. கோடியில் அந்தத் துருப்பிடித்த டிரில்லிங் மிஷின் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதைக் கொண்டுபோக யாருக்கும் மனசில்லை போலிருக்கிறது.

குழந்தைகளுக்கு என்ன தெரியும்? இவ்வளவு பெரிய காலி இடத்தைக் கண்டதும் கையை விட்டு ஓடினார்கள். அவர்கள் கத்தினது கூரையில் முட்டித் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஒரு அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தார். அதற்கப்புறம் யாரை யார் தேற்றுவது? ஃபிட்டர் அண்ணன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தானே எழுந்து போங்கன்னேன், நான்தானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் திட்டலாம் என்று வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? எழுந்து போகச் சொல்லி அவர் யாரையும் தள்ளவில்லை. சாக்கை உதறி மடித்தது நான்தான்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். பூசணிக்காயை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"எது பாப்பா உன் மிஷினு?"

நான் காட்டினேன். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், ஒரு சதுரம். கம்பித் தூள் இன்னும் அதன் ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போனார். சதுரத்துக்குள் காலை வைக்காமல் வெளியிலேயே குந்தி உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து சாமந்தியை எடுத்து அந்த வெறும் தரையில் வைத்தார். ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பூ. என்னை ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அத்தனை நாள் பிடிவாதம் பிடித்த மனிதர். அன்றைக்கு அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பூவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உடைக்கலையாங்க?" என்று யாரோ பூசணிக்காயைக் காட்டிக் கேட்டார்கள்.

"எது மேல கண்ணு படப்போவுதுன்னு உடைக்கறது?" என்றார் அப்பா.

கொண்டு வந்த சாமானை என்ன செய்வது என்று பேச்சு எழுந்தது. சூடம், தேங்காய், பொரி, இத்தனை பேர் செய்த தோரணம். பூஜை நின்றால் ஆகாது என்றார் ஒருவர். கடைசியில் அந்த டிரில்லிங் மிஷினுக்கே சந்தனம் வைத்துச் சூடம் காட்டினார்கள். ஆளாளுக்குத் தோரணத்தை அதன்மேல் போட்டார்கள். துருவே தெரியாமல் கலர் பேப்பர் மூடிக்கொண்டது. என் கையிலிருந்ததையும் வாங்க ஒருத்தர் வந்தார்.

"தொடாதீங்க! இது அதுக்கு செஞ்சது இல்ல," என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அக்கா தன் தோரணத்தைப் பிரித்து, கம்பியைத் தனியே, பேப்பரைத் தனியே எடுத்து, கம்பியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார். நான் என்னுடையதைத் தரையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்பா பின்னாலேயே வந்தார். பஸ் ஏறினபோதுதான் பார்த்தேன், சாமந்தி இருந்த பையில் என் தோரணம் பத்திரமாக மடித்து இருந்தது.

"எதுக்குப்பா இதை எடுத்தீங்க?"

"நல்லா செஞ்சிருக்கற பாப்பா. எறிய மனசு வரல," என்றார். தேன்கனிக்கோட்டை வரும் வரைக்கும் பூசணிக்காய் அவர் மடியிலேயே இருந்தது.

கார்த்திகையில் கல்யாணம். அப்பா சொன்ன சொல் தவறவில்லை, நானும் அழுது அடம் பிடிக்கவில்லை. எதை வைத்து அடம் பிடிப்பது? பூசணிக்காய் கல்யாணச் சாம்பாருக்குப் போனது. எங்கள் வீட்டில் எதையும் வீணாக்குவது கிடையாது. மாமனைப் பற்றி இன்றைக்கும் ஒரு குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து நல்லபடியாகத்தான் இருந்தோம். அது வேறு, இது வேறு.

மணையில் உட்காரும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே, பந்தலின் இரண்டு கம்புகளுக்கு நடுவில், அப்பா என் தோரணத்தைக் கட்டியிருந்தார். மற்ற இடமெல்லாம் மாவிலை. அது மட்டும் சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாக, அந்த இரண்டு கம்பு அகலம்தான் வந்தது. என் மிஷின் அகலம். ரோஸ் பூக்களில் ஓசூர் ரோட்டுப் புழுதி இன்னும் போகவில்லை.

பின்னாலிருந்து ஒரு சித்தி, "யாருடி இதைச் செஞ்சது? எவ்ளோ லட்சணமா இருக்குது!" என்றார்.

"பொண்ணுதான் செஞ்சாளாம், ஓசூர்லயே!"

"அடி கள்ளி! அங்க வேலைக்குப் போறேன்னு போயி, கல்யாணத்துக்குப் பூ செஞ்சுக்கினு இருந்தியா நீ?"

பந்தலே சிரித்தது. மாமனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கிருஷ்ணகிரியில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த அக்கா, பஸ் மாறி மாறி எனக்காக வந்திருந்தார். பெண்கள் பக்கம் நின்று அந்தத் தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவர் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் நான் உடைந்துபோனேன். கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.